பிக் பேண்ட் ஒலிப்பதிவு: மைக் கூடக் கூட இசை ஏன் சுருங்குகிறது?

ஒரு பிக் பேண்ட் (ஜாஸ் வாசிக்கும் பெரிய குழு) கச்சேரியை ஹாலின் நடுவில் உட்கார்ந்து யாரோ செல்பேசியில் எடுத்த காணொளியையும், அதே பேண்டை இருபதுக்கும் மேற்பட்ட மைக் வைத்துப் பதிந்து மிக்ஸ் செய்த ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால் பலருக்கும் ஒரு குழப்பம் வரும். செல்பேசிப் பதிவின் ஒலித்தரம் சுமார்தான், ஆனால் ஒரு பேண்ட் சேர்ந்து வாசிப்பது காதில் விழுகிறது. ஆல்பத்தில் ஒவ்வொரு கருவியும் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் தனித்தனியாக வாசித்ததைப் பிறகு ஒட்டிய மாதிரி இருக்கிறது. இத்தனை செலவு செய்தும் ஏன் இப்படி?

காரணம் மைக்கின் தரமோ மிக்ஸ் செய்தவரின் திறமையோ அல்ல, தூரம். பிக் பேண்ட் இசை, கேட்பவர் சில மீட்டர் தள்ளி இருப்பார் என்று வைத்துக்கொண்டு எழுதப்படுகிறது, வாசிக்கப்படுகிறது. அந்தத் தூரத்தை எடுத்துவிட்டால் இசையின் ஒரு பகுதியும் கூடவே போய்விடும், பிறகு எந்தக் கருவியாலும் அதை முழுதாகத் திரும்பக் கொண்டுவர முடியாது. இதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

மேடையில் யார் யார்

வழக்கமான பிக் பேண்டில் 17 பேர். முன்வரிசையில் 5 சாக்ஸபோன்கள் (2 ஆல்டோ, 2 டெனர், 1 பாரிடோன்), அதன் பின்னால் 4 டிராம்போன்கள், கடைசி வரிசையில் இன்னும் உயரமான மேடைப்படியில் 4 டிரம்பெட்கள். ஒரு பக்கத்தில் ரிதம் செக்‌ஷன்: பியானோ, கிட்டார், டபுள் பேஸ், டிரம்ஸ். டியூக் எலிங்டன், கவுண்ட் பேசி, பென்னி குட்மேன் போன்றவர்களின் காலத்தில், 1930-களிலும் 40-களிலும், மெல்ல மெல்ல உருவான அமைப்பு இது. ஆள் எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடும், குறையும்.

இந்த வரிசை அழகுக்காக வந்ததல்ல. அதிக சத்தம் போடும் டிரம்பெட் கேட்பவரிடமிருந்து அதிகத் தூரத்தில் இருக்கிறது, மென்மையான சாக்ஸபோன் கிட்ட இருக்கிறது. ஒவ்வொரு வரிசையின் லீட் வாசிப்பவரும் (அந்த வரிசையை வழிநடத்தும் முதல் ஆள்) ஒருவர் பின் ஒருவராக ஒரே கோட்டில் உட்காருவார்கள், லீட் டிரம்பெட் எப்படி ஒரு சொற்றொடரை முடிக்கிறாரோ அப்படியே முன்னால் இருக்கும் லீட் டிராம்போனும் லீட் ஆல்டோவும் முடிக்க வேண்டும் என்பதால். டிரம்மரும் முடிந்தவரை லீட் டிரம்பெட்டுக்குப் பக்கத்தில் இருப்பார். உட்காரும் இடமே பாதி மிக்ஸ்.

மீதிப் பாதி எங்கே நடக்கிறது?

இசையை எழுதும் அரேஞ்சரிடமும், வாசிப்பவர்களின் காதிலும். நான்கு டிரம்பெட்டும் நான்கு டிராம்போனும் சேர்ந்து ஒரு கார்டை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்கள்) அடிக்கும்போது உங்கள் காதில் விழ வேண்டியது எட்டுக் கருவிகள் அல்ல, ஒரே நிறமுள்ள ஒரு ஒலி. அந்தக் கலவை காற்றில் நடக்கிறது. மூன்றாவது டிரம்பெட் வாசிப்பவர் தன் சத்தத்தை லீடுக்குக் கீழே வைத்துக்கொள்வதும், ஊமையாக்கி (மியூட்) மாட்டி வாசிப்பதும், நோட்டு ஸ்டாண்டுக்குள் மணியை (கருவியின் அகன்ற வாய்) திருப்பிக் கொஞ்சம் மங்கலாக ஊதுவதும் எல்லாம் அந்தக் கலவைக்காகத்தான்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஃப்ரெடி கிரீன். 1937-இல் கவுண்ட் பேசி பேண்டில் கிட்டார் வாசிக்கச் சேர்ந்தவர், 1987-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ஆம்ப்ளிஃபையர் இல்லாத கிட்டாரில் ஒரு தாளச் சுற்றுக்கு நான்கு தட்டு, கிட்டத்தட்ட அவ்வளவுதான் அவர் வாசிப்பு. பல பதிவுகளில் அந்தக் கிட்டார் தனியாகக் காதில் விழாது. ஆனால் டபுள் பேஸின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு முனை கொடுப்பதும், ரிதம் முழுவதும் மிதப்பதும் அதனால்தான். கிட்டார் 'கேட்கவில்லையே' என்று ஒரு மைக் வைத்து ஃபேடரை (மிக்ஸில் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பிடி) ஏற்றினால் கவுண்ட் பேசி பேண்டின் ரிதம் கலைந்து, கிட்டார் வைத்த வேறு ஏதோ ஒரு பேண்ட் கிடைக்கும்.

கிட்டப் போனால் என்ன ஆகிறது

இனி கொஞ்சம் இயற்பியல். ஒலி அளவைச் சொல்ல டெசிபல் என்ற அலகு. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும் என்று வைத்துக்கொண்டால் போதும்.

1. கருவி எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. டிரம்பெட்டின் கீழ் அதிர்வெண்கள் நாலாபக்கமும் பரவும், கூர்மையான மேல் அதிர்வெண்கள் மணிக்கு நேர் எதிரே கற்றையாகப் போகும். அதனால் மணிக்கு எதிரே 30 செ.மீ. தூரத்தில் இருக்கும் மைக்குக் கிடைப்பது, ஹாலில் யாருமே கேட்காத ஒரு கடுமையான ஒலி. சாக்ஸபோன் நேர்மாறு. அதன் ஒலி பெரும்பாலும் உடலில் உள்ள துளைகள் வழியாக வருகிறது, மிகக் கீழான சுரங்கள்தான் முழுதாக மணி வழியாக வரும். மணிக்குள் மைக்கை நீட்டினால் சில சுரங்கள் முட்டும், சில காணாமல் போகும். இரண்டு கருவிகளுமே முழுமையாகக் கேட்பது கொஞ்சம் விலகி நின்றால்தான்.

2. தூரம் இரட்டிப்பானால் நேரடி ஒலி 6 டெசிபல் குறையும். மைக் 30 செ.மீ.-இல் இருக்கும்போது வாசிப்பவர் 30 செ.மீ. பின்னால் சாய்ந்தால் அப்படியே 6 டெசிபல் போச்சு. அதே அசைவு 3 மீட்டரில் இருக்கும் மைக்கில் 1 டெசிபல்கூட மாற்றாது. கிட்டப் பதிந்த டிராக்குகள் மேலும் கீழும் அலைவதும், அதை அடக்க கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கருவி) போடுவதும், கம்ப்ரஸர் போட்டதால் உயிர் போவதும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

3. அறையின் ஒலி. ஒரு கட்டத்தூரத்துக்கு உள்ளே நேரடி ஒலி ஓங்கும், அதற்கு அப்பால் சுவர்களில் பட்டு வரும் எதிரொலிப்பு ஓங்கும். 2000 கன மீட்டர் ஹால், எதிரொலிப்பு அடங்க 1.2 நொடி என்று வைத்தால் அந்தத் தூரம் சுமார் 2.3 மீட்டர் வருகிறது. முன்பக்கத்தை மட்டும் அதிகம் கேட்கும் கார்டியாய்டு மைக் என்றால் 4 மீட்டர் வரை போகலாம். காது ஒரு ஒலியின் ஆழத்தை உணர்வது இந்த இரண்டின் விகிதத்தை வைத்துத்தான். எல்லா மைக்கும் 30 செ.மீ.-இல் இருந்தால் எல்லாருமே உங்கள் முகத்துக்கு முன்னால் நிற்பார்கள், பின்வரிசை என்ற ஒன்றே இருக்காது.

4. கசிவு. ஒவ்வொரு மைக்கிலும் பக்கத்துக் கருவியின் ஒலியும் விழும், கொஞ்சம் தாமதமாக. ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது, அதாவது ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 3 மில்லிநொடி. ஒரே ஒலி 34 செ.மீ. வித்தியாசத்தில் இரண்டு மைக்கில் விழுந்து, இரண்டையும் சம அளவில் கூட்டினால், 1 மில்லிநொடி தாமதம். அப்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகச் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மைக் 20 என்றால் இந்த அழிப்பு 190 ஜோடிகளுக்கு இடையில் நடக்கிறது. மிக்ஸில் வரும் அந்த மெலிந்த, குழாய்க்குள் இருப்பது போன்ற ஒலி பெரும்பாலும் இதுதான்.

நான்காவதைப் படித்ததும் கசிவை முழுவதும் அடைத்துவிட வேண்டும் என்று தோன்றும். கண்ணாடித் தடுப்பு, தனி அறை, எல்லாருக்கும் ஹெட்ஃபோன் என்று போகிறவர்கள் அதனால்தான் போகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. ஹெட்ஃபோன் மாட்டிய டிரம்பெட் வரிசை தங்களைத் தாங்களே சமன்செய்வதை விட்டுவிடும், ஏனென்றால் அவர்கள் கேட்பது பக்கத்தில் இருப்பவரை அல்ல, வேறொருவர் ஹெட்ஃபோனில் கலந்து கொடுத்ததை. கசிவைக் குறைவாகவும் நல்லதாகவும் வைத்துக்கொண்டால் அதுவே பேண்டை ஒட்டவைக்கும் பசை.

நியூபோர்ட், 1956

மைக்கின் இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சம்பவம் எனக்குத் தெரியவில்லை. 1956 ஜூலை 7 இரவு, நியூபோர்ட் ஜாஸ் விழாவில் டியூக் எலிங்டன் பேண்ட். டெனர் சாக்ஸபோன் வாசித்த பால் கொன்சால்வெஸ் 27 கோரஸ் (பாடலின் ஒரு முழுச் சுற்று ஒரு கோரஸ்) நீளத்துக்கு ஒரு தனி வாசிப்பு வாசித்து மைதானத்தையே எழுந்து நிற்க வைத்தார். பதிவு செய்துகொண்டிருந்தது கொலம்பியா நிறுவனம். ஆனால் மேடையில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கும் இருந்தது, கொன்சால்வெஸ் அதைப் பார்த்து வாசித்துவிட்டார். கொலம்பியாவின் நாடாவில் அந்த வாசிப்பு தூரத்தில் எங்கோ கேட்கிறது.

அந்த வருடமே வெளிவந்த இசைத்தட்டில் கணிசமான பகுதி அதன்பின் ஸ்டூடியோவில் மறுபடி வாசிக்கப்பட்டு, கைதட்டல் சேர்க்கப்பட்டது. 1990-களில் வானொலியின் நாடா கண்டெடுக்கப்பட்டபோது, இரண்டு ஒற்றை ஒலிப்பதிவுகளையும் நேரம் பிசகாமல் இணைத்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் வைத்து, 1999-இல் ஸ்டீரியோவாகவே வெளியிட்டார்கள். திட்டமிடாமல் வைத்த இரண்டு மைக், இரண்டு இடம். ஒரே இரவை இரண்டு இடத்தில் இருந்து கேட்ட சிறிய நேர வித்தியாசமும் அளவு வித்தியாசமும் போதும், மேடைக்கு அகலம் வந்துவிடுகிறது.

முதன்மை ஜோடி

இயல்பான ஒலி வேண்டும் என்றால் பேண்டுக்கு முன்னால் வைக்கும் இரண்டு மைக்தான் பதிவின் உடம்பு. மற்றதெல்லாம் அதற்குத் துணை. ஜோடியை வைக்கப் பல வழிகள் உண்டு:

1. எக்ஸ்-ஒய்: இரண்டு கார்டியாய்டு மைக், தலைகள் ஒரே இடத்தில், 90 பாகைக் கோணம். பிம்பம் உறுதியாக இருக்கும், அகலம் குறைவு.

2. ஓஆர்டிஎஃப்: பிரெஞ்சு வானொலியின் முறை. இடைவெளி 17 செ.மீ., கோணம் 110 பாகை. நேர வித்தியாசம், அளவு வித்தியாசம் இரண்டும் கிடைப்பதால் பிக் பேண்டுக்கு நான் முதலில் வைத்துப் பார்ப்பது இதைத்தான்.

3. பிளம்லைன் ஜோடி: இஎம்ஐ-இல் வேலை செய்த ஆலன் பிளம்லைன் 1931 டிசம்பரில் பதிவுசெய்த காப்புரிமையில் இருப்பது. முன்னும் பின்னும் சமமாகக் கேட்டு, இரு பக்கமும் கேட்காத எட்டு வடிவ மைக் இரண்டு, 90 பாகையில் குறுக்காக. பின்பக்கத்து ஒலியும் உள்ளே வரும் என்பதால் அறை நன்றாக இருந்தால் மட்டுமே இது. ஆனால் ஸ்டூடியோவில் சாக்ஸபோன்களையும் பித்தளை வரிசைகளையும் (டிரம்பெட், டிராம்போன்) எதிரெதிரே உட்காரவைத்து நடுவில் இந்த ஜோடியை வைத்தால் அருமையாக வரும்.

உயரம்தான் பலரும் கோட்டைவிடும் இடம். மைக் ஜோடி, கருவிகளின் மட்டத்திலேயே, சாக்ஸபோனிலிருந்து 2 மீட்டரிலும் டிரம்பெட்டிலிருந்து 5 மீட்டரிலும் இருந்தால் தூரத்தால் மட்டுமே இரண்டுக்கும் 8 டெசிபல் வித்தியாசம். மைக்கை 2 மீட்டர் உயர்த்தினால், டிரம்பெட்டுகள் 1 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்தால், அது 5 டெசிபலாகக் குறைகிறது. ஆக, சாக்ஸ் அதிகம் கேட்டால் மைக்கை ஏற்று, டிரம்பெட் கத்தினால் கொஞ்சம் இறக்கு. எந்த ஈக்யூவையும் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) விட இந்த ஸ்டாண்ட் சுத்தமாக வேலை செய்யும்.

பழைய சென்னைத் திரைப்பாடல் பதிவுகளிலும் நடந்தது இதுதான்: பாடகரும் இசைக்குழுவும் ஒரே அமர்வில், ஒரே டேக்கில். யார் மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி உட்காருகிறார் என்பதே அன்றைய ஃபேடர்.

ஸ்பாட் மைக் எதற்கு, எங்கே

ஸ்பாட் மைக் என்றால் ஒரு கருவிக்கோ வரிசைக்கோ கிட்டே வைக்கும் மைக். முதன்மை ஜோடிக்கு எட்டாததை நிரப்புவதற்கு மட்டும் அது போதும். எட்டாதவை எவை? பியானோ, பேஸ், கிட்டார், தனி வாசிப்பு, சாக்ஸ் வாசிப்பவர்கள் இடையில் எடுக்கும் புல்லாங்குழலும் கிளாரினெட்டும், ஹார்மன் மியூட் மாட்டிய டிரம்பெட். கடைசியாகச் சொன்னது எவ்வளவு மெல்லியது என்பதை மேடைக்குக் கீழே நின்றால்தான் உணர முடியும்.

பித்தளை வரிசைக்கு ஆளுக்கொரு மைக் வேண்டாம், இருவருக்கு ஒன்று போதும். ரிப்பன் மைக் கிடைத்தால் நல்லது. கோல்ஸ் 4038, ராயர் ஆர்-121 போன்றவை மேல் அதிர்வெண்களை மென்மையாக எடுக்கின்றன, எட்டு வடிவம் என்பதால் அவற்றின் பக்கவாட்டைச் சரியாக டிரம்ஸ் பக்கம் திருப்பினால் சிம்பல் கசிவு வெகுவாகக் குறையும். (பழைய ரிப்பன் மைக்குக்கு ஃபேன்டம் மின்சாரம் (கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) கொடுக்கும் முன் கேபிளை ஒருமுறை சரிபார்க்கவும், தவறான இணைப்பில் ரிப்பன் கெட்டுவிடும்.)

மைக்குகளுக்கு இடையே 3:1 விதி: கருவியிலிருந்து மைக் எவ்வளவு தூரமோ அதுபோல் மூன்று மடங்கு தூரத்தில் அடுத்த மைக். அப்போது கசிவு 9 டெசிபலுக்கு மேல் குறைந்து, முன்பு சொன்ன அழிப்பு காதை உறுத்தாது.

டிரம்ஸில்தான் பாப் இசைப் பதிவின் பழக்கம் தலைதூக்கும். பிக் பேண்டில் தாளத்தைச் சுமப்பது ரைடு சிம்பலும் ஹை-ஹாட்டும். கிக் டிரம்மைப் பல டிரம்மர்கள் காதுக்குத் தெரியாத அளவுக்கு மெல்ல வருடிக்கொண்டே போவார்கள், பித்தளை அடிக்கும் இடத்தில் மட்டும் ஓங்கி அடிப்பார்கள். மேலே ஒரு ஓவர்ஹெட் மைக், தேவையென்றால் கிக்குக்கு ஒன்று, முடிந்தது. பேஸுக்கு, பிக்கப் (கருவியிலேயே ஒட்டிய உணரி) தரும் கம்பியின் ஒலி மட்டும் போதாது, அதில் மரத்தின் ஒலி இருக்காது. கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்கு (பிரிட்ஜ்) எதிரே ஒரு மைக் அவசியம்.

கச்சேரியை நேரடியாகப் பதிகிறீர்கள் என்றால் ஹால் ஸ்பீக்கர்களில் பாடகர், பியானோ, பேஸ் தவிர வேறு எதையும் விடாமல் இருக்க ஒலி அமைப்பாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். டிரம்பெட்டை ஸ்பீக்கரிலும் விட்டால் அது உங்கள் முதன்மை ஜோடிக்குள் இரண்டாவது முறை, தாமதமாக வரும்.

மிக்ஸ்: எந்த வரிசையில்

1. முதன்மை ஜோடியை மட்டும் திறந்து முழுப் பாடலையும் கேளுங்கள். என்ன குறைகிறது என்று எழுதுங்கள். அந்தக் குறை மட்டுமே உங்கள் வேலை.

2. ஸ்பாட் மைக்குகளைத் தாமதப்படுத்துங்கள். டிரம்பெட் ஸ்பாட் அரை மீட்டரில், ஜோடி 4 மீட்டரில் என்றால் வித்தியாசம் 3.5 மீட்டர், சுமார் 10 மில்லிநொடி. அவ்வளவு தாமதம் கொடுக்காவிட்டால் ஸ்பாட்டின் ஒலி முந்திக்கொண்டு வரும், காது முதலில் வருவதைத்தான் இடமாக எடுத்துக்கொள்ளும், பின்வரிசை டிரம்பெட் முன்னால் பாய்ந்துவிடும். துல்லியமாகப் பொருத்துவதைவிட ஓரிரு மில்லிநொடி கூடவே வைப்பது நல்லது.

3. ஒவ்வொரு ஸ்பாட்டையும் ஜோடியில் அந்தக் கருவி எங்கே கேட்கிறதோ அங்கேயே பேன் செய்யுங்கள் (இட, வல பக்கங்களுக்கு இடையே வையுங்கள்). பியானோவை அறை முழுக்க விரிக்காதீர்கள், அது மேடையில் ஒரு மூலையில் இருக்கிறது.

4. ஸ்பாட்டை மெல்ல ஏற்றி, 'இதோ வந்துவிட்டது' என்று தெரிந்த உடனே 2, 3 டெசிபல் இறக்குங்கள். சரியான அளவு என்பது, அதை மூடினால் குறை தெரியும், திறந்தால் அது இருப்பதே தெரியாது.

5. தனி வாசிப்புக்கு ஃபேடரைக் கையால் ஏற்றி இறக்குங்கள். 1930-களில் தனி வாசிப்பவர் எழுந்து மைக்குக்கு நடந்து வருவார், முடிந்ததும் திரும்பிப் போவார். ஃபேடரும் அதே வேகத்தில் நகர்ந்தால் போதும்.

6. ரிவெர்ப் (செயற்கையாகச் சேர்க்கும் அறை எதிரொலிப்பு) வேண்டுமானால் ஒன்றே ஒன்று, எல்லாருக்கும் பொதுவாக. சாக்ஸுக்கு ஒரு அறை, டிரம்பெட்டுக்கு ஒரு அறை என்று கொடுத்தால் மேடை உடைந்துவிடும்.

பார்வையாளர் மைக் தனி விஷயம். அது மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி இருந்தால் இசை அதில் 58 மில்லிநொடி கழித்து விழும், அப்படியே கலந்தால் எதிரொலியாகவே கேட்கும். நேரம் பொருத்துங்கள், அல்லது கைதட்டலின்போது மட்டும் திறங்கள்.

சத்தம் கூட்டும் ஆசை

கம்ப்ரஸர் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை: மொத்த மிக்ஸில் ஓரிரு டெசிபலுக்கு மேல் அழுத்தினால், எழுதியவர் ஐந்து நிமிடமாகக் கட்டிக்கொண்டு வந்த ஏற்றம் கடைசி ஷவுட் கோரஸில் (முழு பேண்டும் சேர்ந்து ஓங்கி வாசிக்கும் உச்சச் சுற்று) ஏறாமல் நின்றுவிடும். பியானோவும் பேஸும் கிசுகிசுக்கும் இடத்துக்கும் 13 ஊதுகருவிகளும் சேர்ந்து அடிக்கும் இடத்துக்கும் இடையே உள்ள தூரம்தான் இந்த இசை.

சத்தமாகச் செய்வதால் இன்று லாபமும் இல்லை. ஒலி அளவைச் சராசரியாக அளக்க எல்யூஎஃப்எஸ் என்ற அலகு இருக்கிறது. ஸ்பாட்டிஃபை தன் இயல்பான அமைப்பில் எல்லாவற்றையும் மைனஸ் 14 அளவை ஒட்டிக் கொண்டுவருகிறது. மைனஸ் 8-இல் அழுத்திக் கொடுத்தால் அதை 6 டெசிபல் இறக்கிவிடும், நீங்கள் நசுக்கியது நசுங்கியபடியே இருக்கும். ஆல்பமாகக் கேட்கும்போது பாடல்களுக்கு இடையிலான ஏற்ற இறக்கத்தை அது மாற்றுவதில்லை, எனவே மெதுவான பாடலைத் தனியாகச் சத்தமாக்க வேண்டிய அவசியமும் இல்லை.